தோமஸ் மப்பூமோ: விடுதலைக்கு முன்னும் பின்னும் பாடியவர்

2018 ஏப்ரல் 28ஆம் திகதி, சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் உள்ள கிளாமிஸ் அரங்கில் 72 வயதுப் பாடகர் ஒருவர் மேடையேறினார். சொந்த நாட்டில் அவர் பாடி 14 வருடங்கள் ஆகியிருந்தன. 37 வருடங்கள் ஆட்சியில் இருந்த ரொபேர்ட் முகாபே பதவி விலகி அப்போது ஐந்து மாதங்களே கடந்திருந்தன. வெள்ளையர் ஆட்சி அந்தப் பாடகரைச் சிறையில் அடைத்தது. அந்த ஆட்சியை வீழ்த்தியவர்களின் காலத்தில் அவர் நாட்டுக்கு வெளியே வாழ நேர்ந்தது. அவர் பெயர் தோமஸ் மப்பூமோ.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் தணிக்கை என்ற பாடத்தில் பத்திரிகைகள், வானொலிகள், தொலைக்காட்சிகள் பற்றியெல்லாம் படித்தோம். பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மப்பூமோவின் வாழ்க்கையை வாசித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பது எனக்குப் புரிந்தது.

மப்பூமோ 1945இல் மரொண்டெராவில் பிறந்தார். சிறு வயதில் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, பின்னர் தலைநகரின் கறுப்பினத்தவர் குடியிருப்பான ம்பாரேக்கு வந்தார். நாடு அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்டது. சனத்தொகையில் 5 வீதத்துக்கும் குறைவான வெள்ளையர்களிடம் நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பாதி இருந்தது. எல்லா இளைஞர்களையும் போல அவரும் தொடக்கத்தில் எல்விஸ் பிரெஸ்லி போன்றவர்களின் ஆங்கிலப் பாடல்களைத்தான் மேடைகளில் பாடினார்.

1970களின் தொடக்கத்தில் மங்குரா செப்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக இசைக்கும் குழு ஒன்றில் சேர்ந்தபோது திருப்பம் வந்தது. ஷோனா மக்களிடம் ம்பிரா என்றொரு இசைக்கருவி உண்டு. மரப்பலகையில் இரும்புக் கீற்றுகளைப் பொருத்தி, பெருவிரல்களாலும் சுட்டுவிரலாலும் மீட்டுவார்கள். ஒலி பெருகுவதற்காக அதைப் பெரிய சுரைக்குடுவைக்குள் வைத்து வாசிப்பதும் உண்டு. முன்னோர்களின் ஆவிகளை அழைக்கும் சடங்குகளுக்கு அது இன்றியமையாதது. அதனாலேயே கிறிஸ்தவ மிஷனரிகள் பலர் அதைப் பேய் வழிபாடு என்று ஒதுக்கினார்கள்.

மப்பூமோவும் கிற்றார் கலைஞர் ஜோஷுவா டூபேயும் அந்த ம்பிரா மெட்டுகளை மின்கிற்றாருக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் ஜோனா சிதோலே அந்தப் பாணியை மேலும் வளர்த்தார். கிற்றார் தந்திகளை உள்ளங்கையால் அமத்தி மீட்டினால் ம்பிராவின் இரும்பு ஒலி போலவே கேட்கும். சுரைக்காய்க் கிலுகிலுப்பையின் தாளத்தை ட்ரம்ஸ் தட்டுகள் ஏற்றுக்கொண்டன. தங்கள் மொழியும் சடங்கும் கீழானவை என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரு தலைமுறை, நடன விடுதியில் தன் முன்னோரின் இசையைக் கேட்டது.

அவர் இந்த இசைக்குச் 'சிமுரெங்கா' என்று பெயரிட்டார். 1896இல் ஷோனா, இந்டெபெலே மக்கள் குடியேற்றக்காரர்களுக்கு எதிராக நடத்திய எழுச்சிக்கு வழங்கும் பெயர் அது. 1970களில் நடந்த ஆயுதப் போராட்டத்தையும் மக்கள் அதே பெயரால்தான் அழைத்தார்கள். கிராமத்தவர்கள் பல இலட்சம் பேரை இராணுவம் 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' என்ற பெயரில் கம்பி வேலிகளுக்குள் அடைத்துவைத்த காலம் அது. மப்பூமோ பழமொழிகளாலும் உவமைகளாலும் பாடினார். வெள்ளை அதிகாரிக்கு அது வெறும் நாட்டுப்பாடல். ஷோனா தெரிந்தவருக்கு அதன் பொருள் புரியும்.

ஆனால் அரசுக்கும் ஒரு கட்டத்தில் புரிந்தது. 'கவனம்' என்று பொருள்படும் 'ஹொகோயோ' இசைத்தட்டு வெளிவந்தபோது அரச வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. எல்லைக்கு அப்பால் மொசாம்பிக்கிலிருந்து வந்த வானொலிகளில் மக்கள் அவர் பாடல்களைக் கேட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் அவர் குற்றச்சாட்டு எதுவுமின்றிச் சுமார் மூன்று மாதங்கள் தடுத்துவைக்கப்பட்டார். வெள்ளையர்களுடன் உடன்பாட்டுக்கு வந்திருந்த ஆயர் முசொரேவாவின் கூட்டமொன்றில் பாட வேண்டும் என்ற நெருக்கடியும் வந்தது. அவர் போய், தன் வழமையான பாடல்களையே பாடினார். இருந்தாலும் 'அவர்கள் பக்கம் போய்விட்டார்' என்ற பேச்சு அவரை நெடுநாள் தொடர்ந்தது.

1980 ஏப்ரலில் சுதந்திரம் வந்தது. ம்பாரேயின் ருஃபாரோ மைதானத்தில் நடந்த விழாவில் பொப் மார்லி பாடினார். மப்பூமோவின் 'பிளாக்ஸ் அன்லிமிட்டெட்' குழுவும் இசைத்தது.

அடுத்த வருடங்களைப் பற்றி எழுதும்போது அவருக்காகக் கணக்கைத் திருத்த நான் விரும்பவில்லை. 1981இல் வந்த 'நியாராய்' பாடல், புதிய ஆட்சியை ஏற்காதவர்களைப் பார்த்து 'வெட்கப்படுங்கள்' என்றது. 1983 முதல் 1987 வரை மாட்டபெலேலாந்தில் ஐந்தாவது படைப்பிரிவு இந்டெபெலே மக்களைக் கொன்று குவித்தது. இறந்தவர்கள் 20,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. கத்தோலிக்க நீதி, சமாதான ஆணைக்குழுவின் விரிவான அறிக்கை 1997இல்தான் வந்தது. அந்த வருடங்களில் அரசுக்கு எதிரான பாடகராக மப்பூமோ அறியப்படவில்லை. போராட்டத்தின் குரலாக இருந்தவர்களுக்கும் அண்டை மாகாணத்தின் அழுகை உடனே கேட்டுவிடுவதில்லை.

மாற்றம் 1989இல் தெரிந்தது. வில்லோவேல் ஆலையின் கார்களை அமைச்சர்களும் அதிகாரிகளும் கட்டுப்பாட்டு விலைக்கு வாங்கி, கொள்ளை இலாபத்துக்கு விற்ற மோசடியை புலவாயோவின் 'குரொனிக்கிள்' பத்திரிகை 1988இல் வெளிப்படுத்தியிருந்தது. ஆசிரியர் ஜெஃப் நியாரோட்டாவுக்குக் கிடைத்தது 'பதவி உயர்வு' என்ற பெயரில் ஆசிரியர் பீடத்திலிருந்து வெளியேற்றம். 1989இல் மப்பூமோ 'ஊழல்' என்று பொருள்படும் 'கொரப்ஷன்' இசைத்தட்டை வெளியிட்டார். இம்முறை உவமை இல்லை, தலைப்பிலேயே குற்றச்சாட்டு இருந்தது.

1990களின் இறுதியில் பொருளாதாரம் சரிந்தபோது வந்த 'மம்வெம்வே' பாடலின் பெயருக்குக் 'கந்தல்' என்று பொருள். விடுதலை பெற்ற நாடு கந்தலாகிவிட்டது என்பதே அதன் செய்தி. ரொடீசியாவின் வானொலி ஒதுக்கியவரை இப்போது சிம்பாப்வேயின் வானொலி ஒதுக்கியது. திருட்டுக் கார்களை வாங்கினார் என்று பொலிஸார் குற்றஞ்சாட்ட, அவர் மறுத்தார். 2000இல் குடும்பத்துடன் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். 2004க்குப் பிறகு பாடுவதற்காகவும் ஊர் திரும்பவில்லை.

புலம்பெயர்வு அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. அவர் பாடல்களின் சிலேடையும் பழமொழியும் புரிந்த கூட்டம் ஊரில் இருந்தது. அவர் இருந்த இடத்தில் தாளத்துக்கு ஆடுபவர்களே அதிகம். கூட இசைத்தவர்கள் பலர் பிரிந்தோ இறந்தோ போனார்கள். ஜோனா சிதோலே 1997இலேயே காலமாகியிருந்தார். ஆனாலும் அவர் ஷோனா மொழியில் பாடுவதை விடவில்லை. ஊரில் அவருடைய பாடல்கள் கசெற்றுகளில் கைமாறின, மினிபஸ்களில் ஒலித்தன.

விடுதலைப் பாடல்கள் உள்ள எந்தச் சமூகத்திலும் அவற்றை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். முகாபேயின் கட்சியும் தேர்தல் காலங்களில் 'சிமுரெங்கா' என்ற சொல்லைத்தான் உரத்துச் சொன்னது. 2000இல் தொடங்கிய காணிப் பறிப்புக்கு அது மூன்றாவது சிமுரெங்கா என்று பெயர் வைத்தது. மப்பூமோவோ, பசியோடு இருப்பவர் எந்த ஆட்சியின் கீழ் இருந்தாலும் அவருடைய பாட்டுக்கே அந்தப் பெயர் பொருந்தும் என்ற நிலைப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு அவருக்கு ஒன்பது வருடங்கள் எடுத்தன. வந்த பிறகு திரும்பிப் போகவில்லை.