நடிகர் கையில் எழுதுகோல்

இராமநாதபுரம் என்றதும் பலருடைய கண்முன் தோன்றுவது இராமேசுவரத்துக் கோயிலின் நீண்ட பிராகாரம். அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி எழும் யாத்திரிகர் கூட்டம். நமக்கோ அந்தச் சீமை வேறொரு முகத்தையும் காட்டுகிறது. மழை பொய்த்தால் வெடித்துக் கிடக்கும் கண்மாய். பனையேறிப் பிழைக்கும் பாட்டாளி. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குச் செல்லும் மீனவன். தறியில் குனிந்தே முதுகு வளைந்த நெசவாளி. பாவம் தொலைக்க அங்கே வருவோர் பல்லாயிரவர். அங்கே பிறந்தோரின் பஞ்சம் தொலைக்க வந்தோர் எத்தனை பேர்?

அந்தச் சீமையில், வைகைக் கரையிலுள்ள பரமக்குடியில், 1954-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் கமல்ஹாசன். தந்தை சீனிவாசன் வழக்கறிஞர். நாட்டு விடுதலைக் கிளர்ச்சியில் பங்கு கொண்டவர். குடும்பமோ அய்யங்கார் குடும்பம். அந்த வீட்டின் கடைக்குட்டிதான் பின்னாளில் "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்ற பொருள்பட, பொது மேடைகளில் ஒளிவுமறைவின்றிப் பேசியவர். பிறப்பு ஒருவனது அறிவுக்கு எல்லை கட்டுவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

அவருக்குப் புகழ்மாலை தொடுக்க நாம் எழுதவில்லை. மாலை சூட்டுவோர் ஏராளம். நமக்கு அந்த வேலை வேண்டாம். பிறர் எழுதியதைப் பேசிய நடிகர் ஒருவர், தாமே எழுதவும் இயக்கவும் முற்பட்ட வரலாறு யாது? எழுதுகோல் கைக்கு வந்தபின் அதைக் கொண்டு அவர் என்ன செய்தார்? இவ்விரண்டையும் ஆராய்வதே நம் நோக்கம்.

பழைய நாடகக் கம்பெனிகளில் நடிகன் யார்? வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை ஒப்புவிக்கும் சிறுவன். பேசும் படம் வந்த பின்னும் நிலைமை விரைவில் மாறிவிடவில்லை; புராணமும் பாட்டுமே கோலோச்சின. 1949-இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி', 1952-இல் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலைத் தாங்கி வந்த 'பராசக்தி' ஆகியவற்றுக்குப் பிறகே, எழுத்தாளர் பெயருக்காகவும் மக்கள் கொட்டகைக்கு வரலாயினர். ஆயினும் எழுதியவர் ஒருவர், நடித்தவர் வேறொருவர். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்து, 1951-இல் 'மணமகள்' படத்தை இயக்கிய கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்தை இயக்கி நடித்த எம்.ஜி.ஆர். போன்றோர் விதிவிலக்குகள்.

அந்த விதிவிலக்குகளின் வழியில் வந்தவரே கமல்ஹாசன். ஆறு வயது நிறையும் முன்பே, 1960-இல், ஏவி.எம். நிறுவனத்தின் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்தார். ஏ.பீம்சிங் இயக்கிய அந்தப் படம் குழந்தை நடிகருக்குக் குடியரசுத் தலைவரின் பதக்கத்தைத் தேடித் தந்தது. குழந்தை வளர்ந்தால் திரையுலகம் கைவிட்டுவிடும். அது அந்தத் தொழிலின் வழக்கம். இவரையும் கைவிட்டது. பள்ளிப் படிப்பும் நிறைவு பெறவில்லை. ஆனால் கற்பது நின்றதா? இல்லை. டி.கே.சண்முகம் அவர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார்; நாட்டியம் பயின்றார்; நடன ஆசிரியர் தங்கப்பனிடம் உதவியாளராய் உழைத்தார். ஔவையார் வேடத்தால் புகழ் பெற்ற அந்த நாடக ஆசானை அவர் மறக்கவும் இல்லை. 1996-இல் தாம் பெண் வேடம் பூண்ட படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயரிட்டார்.

1973-இல் கே.பாலசந்தரின் 'அரங்கேற்றம்' அவரை இளைஞராக மீண்டும் திரைக்குக் கொணர்ந்தது. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்'. 1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே'. அழகிய கதாநாயகன் என்று பெயரெடுத்தவர், வெற்றிலைக் காவி படிந்த வாயும் நொண்டும் காலுமாக, சப்பாணியாக வந்து நின்றார்! 1978-இல் தெலுங்கில் 'மரோ சரித்ரா'; 1981-இல் இந்தியில் 'ஏக் தூஜே கே லியே'. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை', 1987-இல் வந்த 'நாயகன்', 1996-இல் வந்த 'இந்தியன்' ஆகிய மூன்றும் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை அவருக்கு ஈட்டித் தந்தன.

இத்துடன் நின்றிருந்தால் பெரிய நடிகர் என்ற அளவில் அவர் கதை முடிந்திருக்கும். அவர் நிற்கவில்லை. 1981-இல் தம் நூறாவது படமான 'ராஜபார்வை'யைத் தாமே தயாரித்தார். கதையாக்கத்திலும் பங்கு கொண்டார். பார்வையற்ற வயலின் கலைஞனின் கதை அது. கைப்பொருள் கரைந்தது, பாடம் மிஞ்சியது. பின்னர் 'அபூர்வ சகோதரர்கள்', 'தேவர் மகன்', 'மகாநதி', 'அன்பே சிவம்' ஆகியவற்றில் எழுத்துப் பணி அவருடையதாயிற்று. 2000-இல் 'ஹே ராம்', 2004-இல் 'விருமாண்டி' இரண்டையும் எழுதி, இயக்கி, நடித்தார். மதவெறி ஒரு படித்த மனிதனைக் கொலைகாரனாக்கும் கொடுமையை முன்னது காட்டிற்று. தூக்குத் தண்டனை தேவைதானா என்று பின்னது கேட்டது. ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொல்ல, உண்மையைத் தேடும் பொறுப்பைப் பார்ப்பவரிடமே விட்டது அந்தப் படம். கேட்டதை நம்பாதே, ஆராய்ந்து பார் என்பதுதானே பகுத்தறிவு?

எல்லா முயற்சியும் கைகூடிற்றா? இல்லை. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர் எனப்படும் மருதநாயகம், கும்பினிப் படையில் உயர்ந்து, யூசுப் கான் என்ற பெயரில் மதுரையை ஆண்டு, பின் ஆங்கிலேயரையே எதிர்த்து, 1764-இல் தூக்கிலிடப்பட்டவர். அவர் வரலாற்றைப் படமாக்க 1997-இல் தொடக்க விழா நடந்தது. இங்கிலாந்தின் அரசி இரண்டாம் எலிசபெத் அந்த விழாவுக்கு வந்தார். பொருள் முட்டுப்பாட்டால் படம் இடையிலேயே நின்றது.

இனி, கசப்பானதொரு கேள்விக்கு வருவோம்.

கமல்ஹாசன் பிறந்து மூன்று ஆண்டு நிறைவதற்குள், அதே பரமக்குடியில், 1957 செப்டம்பர் 11-ஆம் நாள் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். படைவீரராயிருந்து திரும்பி, ஒடுக்கப்பட்ட மக்களின் தன்மானத்துக்காகப் போராடியவர் அவர். அவர் செய்த குற்றம் யாது? எல்லோரும் ஓர் நிறை என்றது! முதுகுளத்தூர் வட்டாரம் அந்த ஆண்டு இரத்தத்தில் தோய்ந்தது. குடிசைகள் எரிந்தன. அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. 2011-இல் அவரது நினைவு நாளன்று பரமக்குடியில் காவல்துறை சுட்டதில் மீண்டும் உயிர்கள் பலியாயின.

அந்த ஊரில் பிறந்தவர் 1992-இல் எழுதிய படம் 'தேவர் மகன்'. பரதன் இயக்கிய அந்தப் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதே அதன் முடிவு. அந்த அறிவுரையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தலைப்பில் நின்றது எது? ஒரு சாதியின் பெயர். சாதிப் பெருமை பாடும் பாட்டாகத் தெருத்தெருவாய் முழங்கியது எது? அதே படத்தின் பாட்டு. அறிவுரை கொட்டகையோடு நின்றது. பாட்டு ஊர்வலத்தில் போயிற்று! எழுதியவரின் எண்ணம் நல்லதாயிருக்கலாம். ஊரின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அறியாமல் ஏற்றிய விளக்கு, கூரையையும் பற்றிக்கொள்ளும்.

2023-இல் 'மாமன்னன்' வெளிவந்தது. 'தேவர் மகன்' தம்முள் விளைத்த வேதனையும், அதில் வடிவேலு நடித்த இசக்கி என்ற பாத்திரமும்தான் தம்மை அந்தப் படத்தை நோக்கிச் செலுத்தின என்று இயக்குநர் மாரி செல்வராஜ் பாடல் வெளியீட்டு விழாவில் கூறினார். கமல்ஹாசன் அந்த விழாவில் இருந்தார். முன்னது எழுப்பிய கேள்விக்குப் பின்னது விடை தேடிற்று. மூத்தவர் முகத்துக்கு நேரே இளையவர் கேள்வி கேட்க முடிந்தது. மூத்தவரும் அதைக் கேட்டிருந்தார். கலை வளர்வதும் சமுதாயம் திருந்துவதும் இவ்வழியில்தான், துதிபாடலால் அல்ல.

2018 பிப்ரவரி 21-ஆம் நாள் கமல்ஹாசன் தம் அரசியல் பயணத்தை இராமேசுவரத்தில் தொடங்கினார். கோயில் வாசலில் அன்று. அப்துல் கலாம் பிறந்த வீட்டில். மீனவரைச் சந்தித்தார், இராமநாதபுரம், பரமக்குடி வழியாகச் சென்று மதுரையில் கட்சியின் பெயரை அறிவித்தார். 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினராகத் தமிழில் உறுதிமொழி ஏற்றார். ஆற்றப்போகும் பணியைக் காலம் எடைபோடட்டும்.

இளைஞர்களே! கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வோரைப் பார்த்துச் சிரிக்கிறோம். கல்லுக்குப் பால் வார்ப்பது மடமை என்றால், அட்டைக்கு வார்ப்பது அதனினும் பெரிய மடமையன்றோ? பரமக்குடிப் பிள்ளையின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது வழிபாடல்ல, இரண்டு பாடங்கள். பள்ளி கைவிட்டாலும் கற்பதைக் கைவிடாதே என்பது ஒன்று. எழுதுகோல் ஏந்துபவன், தன் எழுத்து யார் கையில் பூவாகும், யார் கையில் அரிவாளாகும் என்று எண்ணிப் பார்த்தே எழுத வேண்டும் என்பது மற்றொன்று.

கண்மாய் வறண்ட அந்தச் சீமையில் இன்றும் எத்தனையோ சிறுவர்கள் இருக்கிறார்கள். நெசவாளியின் மகளும், மீனவனின் மகனும், இம்மானுவேல் சேகரன் யாருக்காக மடிந்தாரோ அவர்களின் பேரப்பிள்ளைகளும் தங்கள் கதையைத் தாங்களே எழுதி, தாங்களே இயக்கும் நாள் வரவேண்டும். அன்றுதான் அந்த மண்ணின் வரலாறு முழுமை பெறும்.