வல்லரசின் நட்பும் இரு அண்டை நாடுகளும்



ஒரு வல்லரசு இரு அண்டை நாடுகளுள் ஒன்றை நண்பன் என்றும் மற்றொன்றைப் பகைவன் என்றும் அறிவிக்கும்போது, அச்சொல்லை நம்பி நாம் பக்கம் சாரலாமா? ஈரான் - இராக் போரின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

1979 வரை ஈரானின் மன்னர் ஷா அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளியாக விளங்கினார். அவ்வாண்டு நிகழ்ந்த புரட்சி அந்த உறவை அறுத்தது. 1980 செப்டம்பர் 22 அன்று சதாம் ஹுசைனின் படைகள் ஈரானைத் தாக்கின. தான் எப்பக்கமும் சாரவில்லை என்றது அமெரிக்கா.

1982இல் ஈரானின் கை ஓங்கிற்று. பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து இராக்கின் பெயரை அமெரிக்கா அவ்வாண்டே நீக்கியது. 1983 டிசம்பரில் அதிபர் ரீகனின் தூதராக டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பாக்தாத் சென்று சதாமின் கரம் பற்றினார். 1984இல் தூதரக உறவு மீண்டது. இராக் இரசாயன ஆயுதங்களைப் பயன்படுத்துவதை அறிந்திருந்தும், உளவுத் தகவல்களும் கடனுதவியும் நிறுத்தப்படவில்லை.

இராக்கிற்கு உதவிய அதே கரம், 1985, 1986 ஆண்டுகளில் ஈரானுக்கும் இரகசியமாக ஏவுகணைகளை விற்றது! லெபனானில் பிணைக்கைதிகளாயிருந்த அமெரிக்கரை மீட்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. விற்ற பணத்தில் ஒரு பகுதி நிகரகுவா நாட்டுக் கிளர்ச்சியாளர்களுக்குச் சென்றது. 1986 நவம்பரில் இவை அம்பலமாயின.

1988 மார்ச்சில் ஹலப்ஜா நகரில் சதாமின் நச்சுவாயு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றது. ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். ஆகஸ்ட் 20 அன்று போர் ஓய்ந்தபோது எல்லைக்கோடு ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் இரு நாட்டுத் தாய்மார்களும் இலட்சக்கணக்கான பிள்ளைகளை இழந்திருந்தனர்.

சதாமுக்கேனும் அந்நட்பு நிலைத்ததா? 1990இல் அவர் குவைத்தைக் கைப்பற்ற, 1991இல் அமெரிக்கா அவர்மீது போர் தொடுத்தது. 2003இல் அவரது ஆட்சியையே வீழ்த்தியது. அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர், அன்று கரம் பற்றிய அதே ரம்ஸ்ஃபெல்ட்!

எனினும் பழி முழுவதையும் அந்நியர்மீது சுமத்துவது நீதியன்று. போரைத் தொடங்கியவர் சதாம். 1982இல் தன் மண் பெரும்பாலும் மீண்ட பின்னரும் போரைத் தொடர்ந்தது ஈரான். அண்டை வீட்டார் மூட்டிய நெருப்பில்தான் பிறர் குளிர்காய்ந்தனர்.

ஆகவே வாசகர்களே, செய்தித்தாளில் இத்தகைய நட்பையும் பகையையும் காணும்போது, "இதனால் இலாபம் யாருக்கு? இறப்பவர் யார்?" என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கேட்கக் கற்றுக்கொடுங்கள்.