ஏபிரகாம் டார்பி ரோஜா

ஏபிரகாம் டார்பி என்பது ஆப்ரிகாட் பழத்தின் நிறமும் கனிந்த பழத்தை நினைவூட்டும் பரிமளமும் ஒருங்கே வாய்ந்த புதர் ரோஜா வகை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்து ஆல்பிரைட்டனில் புதிய ரோஜா வகைகளை உண்டாக்கிவந்த டேவிட் ஆஸ்டின் (1926–2018), இதனை 1985-இல் வெளியிட்டார். அதே மாவட்டத்துக் கோல்புரூக்டேலில் 1709-இல் கோக் கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் கைத்தொழில் யுகத்துக்கு வழிவகுத்த ஏபிரகாம் டார்பியின் பெயரை இம்மலர் தாங்கி நிற்கிறது.

உற்பத்தி: ஐரோப்பாவின் பழைய தோட்ட ரோஜாக்கள் பெரும்பாலும் வெண்மை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு ஆகிய வர்ணங்களோடு நின்றுவிட, மஞ்சளும் அதன் சாயைகளும் ஆசிய ரோஜாக்களின் கலப்பினால் பிற்காலத்திலேயே பெருகின. பழைய ரோஜாவின் இதழடுக்கையும் வாசனையையும் புதிய ரோஜாவின் வர்ண பேதத்தோடும் மீண்டும் மீண்டும் பூக்கும் சுபாவத்தோடும் இணைப்பதே ஆஸ்டினின் நோக்கம். அவருடைய பல வகைகளுக்கு மாறாக, இதன் தாயாகிய 'எல்லோ குஷன்', தந்தையாகிய 'அலோகா' இரண்டுமே நவீன ரோஜாக்கள். ஆயினும் மலரின் ஆழ்ந்த கிண்ண வடிவம் முழுவதும் பழைய சாயலே.

வளர்ப்பு: செடி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் வளரும். இங்கிலாந்தில், இலையுதிர்ந்து உறங்கும் குளிர்காலத்தில், மண் ஒட்டாத வேரோடு கூடிய செடியை, மக்கிய எருவிட்டு ஆழக் கொத்திய குழியில், ஒட்டுக்கட்டிய பாகம் மண்ணுக்குச் சற்றுக் கீழே அமையுமாறு நடுகின்றனர். வெயில் நன்றாகப் படும் இடமே உகந்தது. முன்பு ரோஜா நின்ற மண்ணில் புதுச்செடி செழிப்பதில்லை. குளிர்காலத்தின் இறுதியில் கிளைகளை மூன்றிலொரு பங்கு குறைத்துக் கவாத்து செய்வதும், வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிடுவதும், கோடை முழுவதும் பூ தொடர்வதற்கு உதவும்.

நோய்கள்: கரும்புள்ளி, துரு ஆகிய பூசண நோய்கள் இலைகளைப் பற்றுவதுண்டு. உதிர்ந்த இலைகளைத் திரட்டி அகற்றுவதும், நீரை இலைமீது தெளிக்காமல் அடியில் ஊற்றுவதும், காற்றோட்டத்துக்கு இடம்விட்டு நடுவதும் தற்காப்பாகும்.

பயன்: மலரின் பாரத்தால் கிளை வளைந்து பூ தலைகவிழும் சுபாவம் புதராக வளர்ப்போருக்குக் குறையாகத் தோன்றலாம், ஆனால் சுவரிலோ வளைவிலோ கொடிபோல் பிடித்துக்கட்டி உயர ஏற்றினால், கவிழ்ந்த பூ கீழே நிற்பவரை நோக்குமாதலால், அக்குறையே குணமாகிவிடுகிறது.