சோறும் நிலமும்

நம் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரைக் கையிலேந்தும் இளைஞருள் பெரும்பாலோர் பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்தவர்கள். அவர்தம் பாட்டன்மாருள் பலர் பள்ளி வாயிலையே கண்டறியாதவர்கள். இம்மாற்றம் சிறிதன்று. ஆயின் அதே இளைஞரை நோக்கி, "உன் குடும்பத்திற்கு எத்தனை ஏக்கர் நிலம் உண்டு?" என்று வினவினால் பலர் வாய் திறவார். குடியரசு நமக்குச் சோற்றையும் எழுத்தையும் ஓரளவு கொணர்ந்து சேர்த்தது. நிலத்தை மட்டும் ஏன் சேர்க்கவில்லை? இவ்வினாவிற்கு விடை காண வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் சோற்றின் கதை. 1920-ஆம் ஆண்டு, பிட்டி. தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவளிக்கத் தீர்மானித்தது. செலவு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று; ஆனால் செலவுக்கு அன்றைய அரசு இசைவு மறுத்தமையால் 1925-இல் நின்று போயிற்று. விடுதலைக்குப் பின் 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டுசெல்ல முனைந்தார். 1982 ஜூலை முதல் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்நாளில் இதனை வீண் செலவென்று எள்ளியோர் பலர். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களிலும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரப்பட வேண்டுமென ஆணையிட்டபோது, எள்ளியோர் குரல் ஓய்ந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

இத்திட்டம் நிலைத்ததற்குக் காரணம் அரசின் கருணை ஒன்றே என்று நான் கருதவில்லை. உலை கொதிக்கவில்லையெனில் அன்றே ஊர் அறியும். எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆதலின் எக்கட்சி ஆட்சிக்கு வரினும் அதனை நிறுத்தத் துணியவில்லை. நியாய விலைக் கடையின் கதையும் இத்தகையதே. 1997-இல் நடுவண் அரசு, வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர், மேல் உள்ளோர் எனக் குடும்பங்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோர்க்கும் பொதுவாகவே அக்கடையைத் திறந்து வைத்தது.

அப்பந்தியிலும் சாதி வந்து அமராமல் இல்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளியொன்றில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணொருவர் சமைப்பதை எதிர்த்துச் சிலர் கிளம்பினர். அவரைப் பணியிட மாற்றமும் செய்தனர். மக்கள் கிளர்ந்தெழுந்த பின்னரே அவர் மீண்டும் அதே அடுப்படிக்கு வந்தார். எனினும், சோற்றைப் பொறுத்தவரை அரசு பிறரிடமிருந்து எதனையும் பறித்து நமக்குத் தர வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கருவூலத்திலிருந்து பணம் எடுத்தால் போதும்.

நிலத்தின் கதை வேறு. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் ஓர் அறிக்கை வரைந்தார். தரிசு நிலத்தைப் பயிரிட வேண்டி ஏழை ஒருவன் தர்காஸ்து மனுக் கொடுத்தால், முன்னுரிமை தமக்கே என்று மிராசுதார்கள் குறுக்கே நிற்பர். நிலம் அவர்கட்கே போகும். உழுபவன் குடியிருக்கும் மனையும் அவர்களுடையதே. எதிர்த்துப் பேசினால் அன்றிரவே குடிசை போகும். இவற்றையெல்லாம் அவர் எழுத்தில் வைத்தார். வருவாய் வாரியம் அவருடைய பரிந்துரைகளுள் பலவற்றை ஏற்கவில்லை. இருப்பினும் 1892-இல் சென்னை அரசு, தாழ்த்தப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்க ஆணை பிறப்பித்தது. அதுவே பஞ்சமி நிலம். மாநிலம் முழுதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் அவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அந்நிலத்தைப் பத்தாண்டுகள் யார்க்கும் விற்றல் கூடாது. அதன்பின் விற்பினும் தாழ்த்தப்பட்டோர்க்கே விற்றல் வேண்டும். மீறினால் அரசே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதைவிடத் தெளிவான நிபந்தனையை எவரும் எழுதவியலாது. ஆயினும் நிலம் கை மாறிற்று. கடனுக்கு ஈடாகச் சில போயின. எழுத்தறியாதோரின் கைநாட்டில் சில போயின. அச்சுறுத்தலில் சில போயின. அயலார் ஆட்சியிலேயே தொடங்கிய அவ்விழப்பு, 1950-இல் குடியரசான பின்னும் நின்றபாடில்லை. 1979-இல் தொடங்கிய நில ஆவண மேம்பாட்டுப் பணியின்போது, பஞ்சமி நிலம் என்னும் குறிப்பே பலவிடத்துப் பதிவேடுகளினின்று விடுபட்டது என்பது நில மீட்பு இயக்கத்தாரின் குற்றச்சாட்டு.

குடியரசு வாளாவிருந்தது என்று கூறுதலும் நேர்மையன்று. 1961-இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்றது. 1970-இல் அது 15 ஆயிற்று. ஆனால் விலக்குகளும் பினாமிப் பெயர்களும் அச்சட்டத்தின் வலையைக் கிழித்தன. ஒரு சட்டம் மட்டும் விரைந்து பயன் தந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அக்கொடுமைக்குப் பின்னரே 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்போர்க்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. டிரெமன்ஹீர் சுட்டிய மனைக் குறை தீர எண்பது ஆண்டுகள் சென்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

1994-இல் செங்கற்பட்டுப் பகுதியிலேயே, காரணை முதலிய ஊர்களின் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டனர். அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் காவல் துறையினர் துப்பாக்கியால் சுட்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர் உயிர் நீத்தனர். எந்த மாவட்டத்து ஆட்சியர் 1891-இல் நமக்காக எழுதினாரோ, அதே மாவட்டத்தில், அரசு தானே எழுதிய நிபந்தனையை நிறைவேற்றுக என்று கேட்டவர்க்கு இது நேர்ந்தது.  நிலம் கேட்டால் அது எவர் கையிலோ இருக்கிறது, அவர் செல்வாக்குடையவர், வட்டாட்சியர் அலுவலகத்தில் அவர் சொல் ஏறும்.

பண ஒதுக்கீட்டிலும் இதன் சாயல் உண்டு. மக்கள் தொகை விகிதத்திற்கேற்பத் திட்ட நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறு திட்டம் 1979-இல் பிறந்தது. அந்நிதி வேறு செலவுகளுக்குத் திருப்பப்படுவதாக ஆண்டுதோறும் முறையீடுகள் எழுந்தன. அதற்கெனத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்ததோ 2024-இல்.

எழுத்தறிவுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினருள் 73 விழுக்காட்டினர் எழுத்தறிந்தோர். மாநில அளவு 80. இவ்விடைவெளி குறையே எனினும், கைநாட்டுக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது பதிவேடு படிக்கத் தெரியும். பஞ்சமி நில நிபந்தனை இன்றளவும் செல்லும். சென்னை உயர் நீதிமன்றமும் தன் தீர்ப்புகளில் அதனை ஏற்றுள்ளது. நம் ஊர்க் கணக்கில் எந்தெந்த சர்வே எண்கள் டி.சி. நிலமெனக் குறிக்கப்பட்டிருந்தன, இன்று அவை யார் பெயரில் உள்ளன என்பதை, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில், எவரும் எழுதிக் கேட்கலாம்.