மசில் பிரேக் (வேட்டைத் துப்பாக்கி)

மசில் பிரேக் என்பது துப்பாக்கிக் குழலின் வாயில் மரையிட்டுப் பொருத்தும், பக்கங்களில் துளைகள் கொண்ட சிறு உருளை. குண்டின் பின்னால் பீறிட்டு வரும் வெடிவாயுவைப் பக்கவாட்டிலும் சற்றே பின்னோக்கியும் திருப்பிவிட்டு, சுடுபவரின் தோளில் இறங்கும் பின்னுதைப்பைக் குறைப்பது இதன் வேலை. 1920களில் அமெரிக்க மரீன் படை அதிகாரி ரிச்சர்ட் கட்ஸ் வடிவமைத்த கட்ஸ் காம்பென்சேட்டர், தாம்சன் இயந்திரத் துப்பாக்கியிலும் பின்னர் ஷாட்கன்களிலும் இடம்பிடித்தது. வேட்டை ரைஃபிள்கள் மலையேற்றத்துக்காக எடை குறைந்தபோது இதற்கு இன்னொரு தேவை பிறந்தது. கிம்பர் மவுண்டன் அசென்ட், வெதர்பி மார்க் 5 பேக்கன்ட்ரி டைட்டானியம் ஆகியவை சில தோட்டா அளவுகளில், ஸ்கோப் இல்லாமல், 5 பவுண்டுக்கும் (சுமார் 2.3 கிலோ) குறைவு. இரண்டும் பிரேக்குடனேயே விற்பனைக்கு வந்தன.

எங்கே பலன் தரும்

ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கியின் எடை 4 கிலோவிலிருந்து 3 கிலோவாகக் குறைந்தால் பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். அந்த உதைப்பு முழுவதும் குண்டால் வருவதில்லை, வாயுவும் தள்ளுகிறது. 1963இல் வெளிவந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 180 கிரெயின் (11.7 கிராம்) குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் செலுத்த 4.5 கிராம் அளவுக்கு வெடிமருந்து எரிகிறது. அது வாயுவாகிக் குண்டைவிட வேகமாக வெளியேறுவதால், மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனுடையது. பிரேக் கைவைக்கக்கூடியது இந்தப் பங்கில் மட்டுமே. 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான .45-70 போன்ற, கனத்த குண்டும் குறைந்த வாயு அழுத்தமும் கொண்ட தோட்டாக்களில் பிரேக்கால் பெரிய ஆதாயம் இல்லை. .243 வின்செஸ்டரின் உதைப்பு ஆற்றலோ .300 மேக்னத்தில் சுமார் மூன்றில் ஒன்றுதான். அதற்குப் பிரேக் மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவு.

எடையும் உலோகமும்

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியத்தின் அடர்த்தி 4.4 கிராம். அதே வடிவத்தை டைட்டானியத்தில் கடைந்தால் எடை பாதியைச் சற்றே தாண்டும். மிச்சமாகும் சில பத்து கிராம் பையில் இருந்தால் தெரியாது. நீண்ட குழலின் நுனியில் இருக்கும்போது துப்பாக்கியின் சமநிலையில் தெரியும். அலுமினியம் இன்னும் இலேசானது என்றாலும், மேக்னம் தோட்டாக்களின் சூடான வாயு அதை விரைவில் அரித்துவிடும். டைட்டானியத்துக்கும் சில குணங்கள் உண்டு. சுடும்போது வெண்பொறி பறக்கும். எஃகு மரையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மரையில் அதற்கான கிரீஸ் தடவ வேண்டும்.

எடையைக் குறைக்க உலோகத்தை மாற்றுவது மட்டும் வழியல்ல. வேலையில் பெரும்பகுதியை, துளையருகே வாயு மோதித் திரும்பும் முதல் தடுப்புச் சுவரே செய்துவிடுகிறது. அடுத்தடுத்த சுவர்களின் பலன் குறைந்துகொண்டே போகும். எனவே ஐந்து துளை கொண்ட நீளமான பிரேக்கைவிட இரண்டு, மூன்று துளை கொண்ட குட்டை வடிவமே மலை வேட்டைக்கு ஏற்றது. சுற்றிலும் துளையிட்ட வடிவங்கள், படுத்துச் சுடும்போது தரையிலுள்ள புழுதியையும் பனியையும் கிளப்பிவிடும். பக்கவாட்டில் மட்டும் துளையுள்ளவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவற்றைக் கிடைமட்டத்தில் துல்லியமாக நிறுத்திப் பூட்ட வேண்டும்.

மரை

அமெரிக்காவில் .30 அளவுக் குழல்களுக்கு 5/8-24 மரை வழக்கம். ஐரோப்பாவில் எம்14×1, எம்15×1 போன்ற மெட்ரிக் மரைகள் பரவலாக உள்ளன. மெல்லிய வேட்டைக் குழல்களின் வாயோ 15 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் ஏறத்தாழ 15.9 மில்லிமீட்டர் விட்டமுள்ள 5/8 மரை வெட்ட இடமில்லை. 1/2-28 மரைக்கு இறங்கினால் .30 துளையைச் சுற்றி 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சுவரே மிஞ்சும். இடைப்பட்ட 9/16-24 இங்கே கைகொடுக்கிறது. எந்த மரையானாலும் குழலின் உட்துளையை மையமாக வைத்தே லேத்தில் வெட்ட வேண்டும். பிரேக்கின் துளை குண்டைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்கே பெரியது என்பதால், மையம் விலகினால் குண்டு சுவரில் உரசும்.

சத்தம்

விற்பனையாளர்கள் மெல்லிய குரலில் சொல்லும் விஷயம் இதுதான். பிரேக் இல்லாத வேட்டை ரைஃபிளின் வெடியோசையே 160 டெசிபல் அளவில் இருக்கும்; திடீர் ஓசைக்கான பாதுகாப்பு வரம்பு 140. வாயுவைப் பின்னோக்கித் திருப்பும் பிரேக், சுடுபவரின் காதருகே இன்னும் 5 முதல் 10 டெசிபல் வரை கூட்டுகிறது. டெசிபல் மடக்கை அளவு. 10 கூடினால் ஒலியழுத்தம் மூன்று மடங்குக்கு மேல். பக்கத்தில் நிற்பவருக்கு இது இன்னும் கொடுமை. வேட்டை வழிகாட்டிகள் பலர் பிரேக்கை வெறுப்பதற்குக் காரணமும் இதுவே. சுடும் களத்தில் காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் போடுபவர்கள், விலங்கு கண்ணில் பட்ட அவசரத்தில் இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

பயிற்சியின்போது பிரேக்கை மாட்டி, வேட்டையில் கழற்றி மரைமூடியைப் போட்டுக்கொள்வது ஒரு சமரசம். ஆனால் குழல்நுனியின் எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறலாம். ஆகவே எந்த நிலையில் வேட்டைக்குப் போகிறோமோ அந்த நிலையில் குறியைச் சரிபார்க்க வேண்டும். பின்னுதைப்பையும் ஓசையையும் சேர்த்தே குறைப்பது சைலன்சர். அது பொதுவாகப் பிரேக்கைவிட நீளமும் எடையும் கூடியது. நார்வே, பின்லாந்து, நியூசிலாந்து வேட்டைக்காரர்களிடையே அது சாதாரணப் பொருள். அமெரிக்காவில் அது 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியது. பிரேக் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை.