ராண்டமா ஒரு குண்டு, மீன்முள் மாதிரி ஒரு கால்வாய்: கடலூர், சிதம்பரத்துல ரெண்டு நாள்

இந்த ஷோவுக்கு வர்ற மெயில்ல பாதி ஒரே கேள்விதான். சென்னையிலேர்ந்து ரெண்டு நாள்ல போயிட்டு வரணும், ஜோடியா போனாலும் சரி, அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போனாலும் சரி, போரடிக்கக் கூடாது, எங்க போகலாம்? பாண்டிச்சேரின்னு சொன்னா, "அது நாலு தடவ போயாச்சு ப்ரோ"ன்னு பதில் வரும்.

சரி, பாண்டியில நிறுத்தாம இன்னும் ஒரு இருபது சொச்சம் கிலோமீட்டர் தெற்க போங்க. கடலூர். அங்கேர்ந்து இன்னொரு 45 கிலோமீட்டர்ல சிதம்பரம். இது ஹிஸ்டரி ஷோ, அதனால ஹோட்டலுக்கு ஸ்டார் குடுக்கப் போறதில்ல. ஆனா இந்த ரெண்டு ஊருக்கு நடுவுல நாம ஜாலியா சுத்துற ஒவ்வொரு இடமும் எப்படி அப்படி ஆச்சுங்குறதுக்கு ஒரு கதை இருக்கு. அந்தக் கதை தெரிஞ்சு போனா அந்த இடமே வேற மாதிரி தெரியும்.

முதல்ல சில்வர் பீச். கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து தேவனாம்பட்டினம் போற வழியில நேரா போனா கடல். சாயந்திரம் சுண்டல், பலூன் சுடுற கடை, அலையில ஓடுற பசங்க, எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பீச்தான். ஆனா பலூன் சுடுறதுக்கு முன்னாடி, இங்க சுட்ட வேற ஒரு குண்டைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

வருஷம் 1690. செஞ்சியில மராட்டிய அரசர் ராஜாராம். தேவனாம்பட்டினத்துல ஒரு சின்னக் கோட்டை மராட்டியர் கையில இருக்கு. அத ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குது. அப்ப மதராஸ்ல கவர்னர் எலிஹு யேல். ஆமா, அமெரிக்காவுல இருக்கற யேல் பல்கலைக்கழகத்துப் பேர்ல இருக்கறது இவர்தான். யேல் வேல்ஸ் நாட்டுக் குடும்பத்துக்காரர், வேல்ஸோட காவல் புனிதர் பேரு டேவிட். கோட்டைக்கும் செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேர் வந்துச்சு.

இதுல சுவாரசியமே விற்பனைப் பத்திரம்தான். கோட்டை மட்டும் இல்ல, அத சுத்தி இருக்கற நிலமும் சேர்த்து. எவ்வளவு நிலம்? ஏக்கர்ல சொல்லல, காணியில சொல்லல. கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா 'ராண்டம் ஷாட்' எவ்வளவு தூரம் போகுமோ, அந்த எல்லைக்குள்ள இருக்கற ஊரெல்லாம் கம்பெனிக்கு.

நான் கோடு எழுதிப் பொழைக்கிறவன். ராண்டம்னா எனக்கு ஒரு ஃபங்ஷன் பேரு, கண்ட மேனிக்கு ஒரு நம்பர் குடுக்கும். பத்திரத்துல அந்த வார்த்தையப் படிச்சதும், "எங்கயோ ஒரு குண்டு விழும், அதுவரைக்கும் எடுத்துக்கோ"ன்னு விட்டுட்டாங்கன்னு தோணும். அப்படி இல்ல. அந்தக் காலத்துப் பீரங்கிக்காரங்க பாஷையில ராண்டம்னா பீரங்கி வாயை மேல தூக்கி வெச்சு, குண்டு அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போகவிடறது. அது ஏனோதானோன்னு சுடற குண்டே இல்ல, ஆகக் கூடின தூரம் போற குண்டு. அந்த வார்த்தையில எவ்வளவு பேராசை அடங்கியிருக்கு பாருங்க! மதராஸ்லேர்ந்து நல்ல பித்தளைப் பீரங்கியாப் பாத்து எடுத்துக்குங்க, எவ்வளவு தூரம் போகும்ங்கறது சுடறவன் சாமர்த்தியம்ங்கற மாதிரி யோசனையும் சொல்லி அனுப்புனாங்க.

சுட்டாங்க. ஒவ்வொரு திசையா திருப்பித் திருப்பி சுட்டாங்க. குண்டு போன எல்லைக்குள்ள இருந்த கிராமங்களும், கடலூர் ஊருமே, கம்பெனி கைக்குப் போயிடுச்சு. அன்னிக்குக் காலையில வயலுக்குப் போன மனுஷன் சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது அவன் ஊருக்கு வேற ஆள் முதலாளி. அவன் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடல. வானத்துல ஒரு சத்தம் மட்டும் கேட்டிருப்பான்.

இது எங்கயோ லண்டன் ஆவணத்துல மட்டும் இருக்கற விஷயம்னு நினைக்காதீங்க. கடலூர்ல இன்னிக்கும் குண்டு சாலைன்னு ஒரு ரோடு இருக்கு. ஊருக்கு வடக்க, தென்பெண்ணை முகத்துவாரம் பக்கம், குண்டு உப்பலவாடின்னு ஒரு ஊரு இருக்கு. பஸ் போர்டுல தெனமும் அந்தப் பேரு ஓடுது.

அதனால சில்வர் பீச்சுல ஒரு விளையாட்டு. மேப்பைத் திறக்காம ரெண்டு பேரும் வடக்க கை நீட்டி, குண்டு எவ்வளவு தூரம் போயிருக்கும்னு ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லுங்க. அப்புறம் ஃபோன்ல குண்டு உப்பலவாடிக்கு எவ்வளவு தூரம்னு பாருங்க. தோத்தவங்க சுண்டல் வாங்கித் தரணும். எங்க வீட்டுல என் மனைவிதான் ஜெயிச்சாங்க, அவங்க சிவில் இன்ஜினியர், அதனால எனக்கு அது செல்லாது.

கோட்டையைப் பாக்கலாமான்னு கேட்டா, பெருசா எதிர்பார்க்காதீங்க. 1746-ல பிரெஞ்சுக்காரங்க மதராஸப் பிடிச்சப்ப, தென்னிந்தியாவுல ஆங்கிலேயர் தலைமையிடமே இந்தக் கோட்டைக்குத்தான் மாறுச்சு. 1756-ல ராபர்ட் கிளைவ் இங்க கவர்னர். ரெண்டே வருஷத்துல, 1758-ல, பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடிச்சு இடிச்சுத் தள்ளிட்டாரு. கெடிலம் ஆத்துப் பக்கம் மிச்சம் இருக்கறது ரொம்பக் கொஞ்சம்.

பீச்சுக்கு ஜாலியாப் போறதே வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்ததுன்னு சில பேர் சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வீக்எண்டுங்கற வார்த்தை வேணா அங்கேர்ந்து வந்திருக்கலாம். மாசி மகத்தன்னிக்கு தேவனாம்பட்டினம் வந்து பாருங்க. சுத்துவட்டார ஊர்கள்லேர்ந்து சாமிங்க எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும், பின்னாடியே குடும்பம் குடும்பமா ஜனங்க, வளையல் கடை, ராட்டினம். தை மாசம் அஞ்சாம் நாள் தென்பெண்ணை, கெடிலம் கரையில ஆத்துத் திருவிழா. இது கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரங்களுக்கே உரிய பொங்கல் எக்ஸ்ட்ரா. சுருளிக்கிழங்கு வாங்காம யாரும் வீடு திரும்ப மாட்டாங்க. என் மாமியார் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். சின்ன வயசுல வருஷத்துக்கு ரெண்டு அவுட்டிங், ஒண்ணு ஆத்துக்கு, ஒண்ணு கடலுக்குன்னு சொல்லுவாங்க.

அதே மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளை கடற்கரைக்கு வருவாரு. வழியில கிள்ளை தைக்கால் தர்காவுல முஸ்லிம்கள் வரவேற்பு குடுப்பாங்க, தர்காவுக்கு சாமி மாலை போகும். ஒரு ஊரோட பழைய பொழுதுபோக்குல இந்த மாதிரி மரியாதையும் சேர்ந்தே இருந்திருக்கு. கிள்ளையை ஞாபகம் வெச்சுக்குங்க, மறுபடி வருவோம்.

இப்ப சிதம்பரம். நடராஜர் கோயில் பத்தி ஒரு எபிசோடு போதாது, அதனால ஒரு விஷயம் மட்டும். கோபுர வாசலுக்குள்ள நடக்கும்போது ரெண்டு பக்கச் சுவரையும் பாருங்க. பரத நாட்டிய சாஸ்திரத்துல சொன்ன 108 கரணங்கள், சின்னச் சின்னச் சிற்பமா, வரிசையா. கிழக்கு கோபுரத்துல அந்தந்தச் சிற்பத்தோட சுலோகமும் செதுக்கியிருக்கு. ஒருத்தர் ஒரு போஸ் மனசுல வெச்சு கைய மட்டும் காட்டணும், இன்னொருத்தர் சுவர்ல அதைக் கண்டுபிடிக்கணும். ஓரமா நின்னு ஆடுங்க, அது ஜனங்க போற வாசல். மகா சிவராத்திரி சமயத்துல போனா நாட்டியாஞ்சலி, 1981-லேர்ந்து நடக்குது. காலையில சம்பா சாதம் கொத்சு சாப்பிட்டுட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு பேர் விஷயம். சிதம்பரத்துக்குப் பழைய பேரு தில்லை. தில்லைங்கறது ஒரு மரம், கோயிலோட தல விருட்சம். ஊருக்குள்ள தேடினீங்கன்னா காடு எதுவும் கிடைக்காது. 15 கிலோமீட்டர் கிழக்க, பிச்சாவரத்துல இருக்கு. தில்லை ஒரு சதுப்பு நிலக் காட்டு மரம், அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து. அதாவது, சிதம்பரம் பாத்துட்டு 'எக்ஸ்ட்ராவா' பிச்சாவரம் போறதா நாம நினைக்கறோம். பேரை வெச்சுப் பாத்தா, ஊருக்கே பேர் குடுத்தது அந்தக் காடுதான்.

பிச்சாவரம் வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, ரெண்டும் கடல்ல சேர்ற இடத்துல இருக்கு. எம்.ஜி.ஆர் நடிச்ச இதயக்கனி 1975-ல வந்தப்பறம் தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்ச இடம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட படகுக் குழாம் இருக்கு. மோட்டார் படகு வேணாம், துடுப்புப் படகு எடுங்க. சுரபுன்னை வேர் ரெண்டு பக்கமும் வளைஞ்சு குகை மாதிரி இருக்கற சந்துக்குள்ள அதுதான் போகும், சத்தமும் இருக்காது. குழந்தைங்க இருந்தா மரத்துல முருங்கைக்காய் மாதிரி தொங்கறதைக் காட்டுங்க. அது காய் இல்ல, மரத்துலயே முளைச்ச கன்னு. கீழ விழுந்து சேத்துல குத்தி நின்னுக்கும்.

எங்க அம்மாவுக்கு முதல்ல பயம். படகுக்கார அண்ணன், "அம்மா, இங்க பல எடத்துல எறங்கி நிக்கலாம், இடுப்பளவுதான்"ன்னு சொன்னதும் தைரியம் வந்து, அந்தப் பக்கம் ஏன் மரமே இல்லாம மொட்டையா இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. நல்ல கேள்வி. இந்த எபிசோடு அதுக்காகத்தான்.

வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து 1970-கள் வரைக்கும் வனத்துறை இந்தக் காட்டைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒரு கட்டத்துல இருக்கற மரத்தை மொத்தமா வெட்டி விறகுக்கு எடுத்துச்சு. வெட்டின இடம் தானா வளர்ந்துடும்னு கணக்கு. வளரல. பழி யார் மேல விழுந்துச்சு? ஆடு மாடு மேய்க்கறவங்க, விறகு பொறுக்கற ஊர்க்காரங்க மேல. வழக்கமான கதைதான், சர்வர் படுத்தா யூசர் மேல பழி போடற மாதிரி.

1990-கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து மண்ணைப் பாத்துச்சு. மொத்தமா மரம் போனதும் வெயில் நேரா சேத்துல அடிச்சுது. சேறு காஞ்சு சுருங்கி, நடுவுல தட்டு மாதிரி பள்ளமாச்சு. ஓதத்துல தண்ணி உள்ள வரும், வத்தும்போது வெளிய போக முடியாது. தேங்கின தண்ணி ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். வருஷா வருஷம் உப்பு ஏறி, எந்தக் கன்னும் நிக்க முடியாத மண்ணாயிடுச்சு. ஆத்தோரமா மட்டும் ஒரு வரிசை மரம் பச்சையா நிக்கும், உள்ள மொட்டை. ஆகக் குத்தம் ஆட்டு மேலயோ விறகு மேலயோ இல்ல, வெட்டின முறை மேல.

காரணம் தெரிஞ்சதும் தீர்வு ரொம்ப எளிமை. தண்ணி வந்து போக வழி பண்ணணும். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து கால்வாய் வெட்டினாங்க: நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன வாய்க்கால்கள், மேலேர்ந்து பாத்தா மீன்முள். கரையோரமா நாத்து நட்டாங்க. இதுல வேலை செஞ்சவங்கள்ல கிள்ளை பக்கத்து இருளர் குடும்பங்களும் உண்டு. பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, தண்ணிக்குள்ள கையாலயே தடவி இறால் பிடிக்கறவங்க. தண்ணி எங்க ஓடும், எங்க நிக்கும்னு அவங்களுக்குக் கை சொல்லும்.

அப்புறம் 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல இறந்தாங்க. சில்வர் பீச் இருக்கற தேவனாம்பட்டினமும் அதுல உண்டு. பிச்சாவரத்துக் கடல் பக்கம் காட்டுக்கு வெளிய இருந்த எம்.ஜி.ஆர் திட்டு அழிஞ்சுது. காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்கள்ல சேதம் ரொம்பக் குறைவு. அடுத்த வருஷமே சயன்ஸ் இதழ்ல, இந்த மாவட்டத்துக் கரையை எடுத்து, மரம் இருந்த இடத்துல சேதம் குறைஞ்சதுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு. இல்ல, கடல்லேர்ந்து இருக்கற தூரமும் தரை உயரமும்தான் முக்கியக் காரணம்னு மறுத்தவங்களும் உண்டு. எல்லாப் பெருமையையும் மரத்துக்கே குடுக்க முடியாதுன்னுதான் எனக்கும் படுது. ஆனா படகுத்துறையில இருக்கறவங்ககிட்ட இந்த விவாதத்த எடுத்துட்டுப் போனா, "நாங்க இங்கதான் இருந்தோம்"னு சொல்லிட்டுத் துடுப்பைப் போடுவாங்க.

2022-ல பிச்சாவரம் ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு, உலக அளவுல முக்கியமான ஈர நிலம்னு. அந்தப் பலகையைப் படகுத்துறையில செல்ஃபி எடுக்கலாம், தப்பில்ல. அப்படியே படகுக்கார அண்ணன்கிட்ட, "அண்ணே, வெட்டின கால்வா எந்தப் பக்கம்?"னு கேட்டுப் பாருங்க. வெயில் ஏறறதுக்கு முன்னாடி போங்க, தொப்பியும் தண்ணியும் எடுத்துக்குங்க, பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வாங்க.

அடுத்த வாரம் பரங்கிப்பேட்டை, 1830-ல அங்க ஆரம்பிச்ச இரும்பாலை. பேசுவோம்.