சில நேரங்களில் சில மனிதர்கள் (புதினம்)

சில நேரங்களில் சில மனிதர்கள் என்பது ஜெயகாந்தன் எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். அறியாத ஒருவனின் இச்சைக்கு ஆளான பெண்ணுக்கு மறுவாழ்வு உண்டா என்பதே இதன் மையக் கேள்வியாகும். இப்புதினம் 1972ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றது.

பின்னணி

ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்" என்னும் சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. அதில் மழை மாலையொன்றில் காரில் ஏறிச் சென்று கெடுக்கப்பட்ட கல்லூரி மாணவியைத் தாய் நீராட்டி, தூய்மையானவள் எனத் தேற்றி ஏற்றுக்கொள்கிறாள். இம்முடிவு பெரும் விவாதத்தை எழுப்பியது. தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்ன நேரும் என்பதைப் புதினம் ஆராய்கிறது.

கதைச் சுருக்கம்

தாய் கூக்குரலிட, செய்தி வெளியே பரவுகிறது. அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். தாய்மாமன் வெங்கு அவளைப் படிக்கவைத்தாலும் தவறான எண்ணத்துடனேயே பழகுகிறார். பல ஆண்டுகளுக்குப் பின், உயர் பணியில் இருக்கும் கங்கா, பிரபு என்னும் அம்மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். மணமாகிக் குழந்தைகளும் உள்ள அவனுடன் நட்பு வளர்கிறது. அதுவே அவளுக்கு ஆறுதலாகிறது. அவள் நலம் கருதி அவன் விலகும்போது, கங்கா குடிப்பழக்கத்துக்கு ஆளாகிறாள். மன்னிப்பைச் சுற்றத்தார் மறுக்கும்போது கல்வியும் வேலையும் மட்டும் புதுவாழ்வு தருவதில்லை என்பதை இம்முடிவு காட்டுகிறது.

இதன் தொடர்ச்சி "கங்கை எங்கே போகிறாள்" என்னும் புதினமாகும்.

திரைப்படம்

இப்புதினம் ஏ. பீம்சிங் இயக்கத்தில் இதே பெயரில் திரைப்படமானது. கங்காவாக நடித்த லட்சுமி, 1976ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார்.